நாலடி எட்டு அங்குலம், முதல் பிரசவம்: உங்களுக்கு லேபர் ரூமில் என்ன நடந்தது?

நிலாமுற்றம்:
34 வாரம். போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடியும் உயரம் பார்த்தார்கள். முதலில் பதிந்தபோது யார் எழுதினார்களோ, அட்டையில் 152 என்று இருந்ததாம். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "152-ஆ? வா இங்க" என்று சுவரோரம் நிறுத்தினார். "கொண்டையை அவுரும்மா." அவிழ்த்தேன். அந்தக் கட்டை வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தது. 142. ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பேனாவை எடுத்து அட்டையின் மேல் ஓரத்தில் 'ஷார்ட் ப்ரைமி', அதாவது குட்டையான தலைப்பிரசவக்காரி என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ ஆப்பரேஷன்தான். எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் சிவப்புல எழுதினாங்க" என்றார். அது காதிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் ஐந்தடி பதினொன்று. மாமியார் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் "என் பையன் பொறக்கும்போதே நாலு கிலோ" என்று பெருமையாகச் சொல்கிறார். ரத்தம், பிரஷர் எல்லாம் சரியாக இருக்கிறது, அதைக் கேட்கவில்லை. குட்டையாக இருந்து முதல் பிரசவம் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

திண்டுக்கல் பூட்டு:
145 செ.மீ., பெண் குழந்தை, 2.6 கிலோ, நார்மல். வலியெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான். எனக்குக் கால் எட்டவில்லை. லேபர் கட்டிலில் பாதம் வைக்க இரண்டு பக்கமும் தாங்கி இருக்குமே, என் குதிகால் அதற்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. "இன்னும் கீழ வாம்மா" என்கிறார் டாக்டர். கீழே நகர்ந்தால் தலைக்குப் பின்னால் இருக்கும் கம்பி கையை விட்டுப் போகிறது. மேலே போனால் கால். எதையும் பிடிக்காமல் எதையும் மிதிக்காமல் எப்படி முக்குவது?

ஓர் ஆயாம்மா வந்தார். என் வலது பாதத்தைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னை உதைச்சுத் தள்ளு தாயி, நான் விழமாட்டேன்" என்றார். உதைத்தேன். நிஜமாகவே உதைத்தேன். ஒரு அடி பின்னால் போய் மறுபடி வந்து நின்றார். பிள்ளை வெளியே வந்த பிறகு பார்த்தால் அவருடைய நீலப் புடவையில் என் பாதம் ஈரமாக அப்படியே பதிந்திருந்தது. பெயர் கேட்கவில்லை. மறுநாள் அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது.

மேகலை அம்மா:
இங்கே எல்லோரும் 'முடியும்' கதைதான் எழுதுவீர்கள் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். 141 செ.மீ. தனியார் மருத்துவமனை. நார்மல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நானேதான், அதை மறைக்கவில்லை. மருந்து ஏற்றி வலி வரவைத்தார்கள். கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் வரை ஒழுங்காகத் திறந்தது. அதற்குப் பிறகு நாலு மணி நேரம் எட்டிலேயே நின்றது. "தலை இறங்கல, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்." அரை மணிக்கு ஒருமுறை இதே வசனம்.

எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் பார்த்தது என் அம்மா. கட்டிலுக்குக் கீழே தொங்கிய யூரின் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முதலில் மஞ்சள். அப்புறம் டிகாக்‌ஷன் நிறம். அப்புறம் சிவப்பு. மூன்று தடவை போய்ச் சொன்னார். மூன்றாவது தடவைதான் பெரிய டாக்டருக்குப் போன் போனது. ஆப்பரேஷன் செய்து எடுத்தபோது பையன் தலை சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது. 3.1 கிலோ. இப்போது யு.கே.ஜி. படிக்கிறான், தலையெல்லாம் உருண்டைதான்.

திண்டுக்கல் தோழி, உங்கள் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் அரைக் கிலோ இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஆறுதல் சொல்லாதீர்கள்.

திண்டுக்கல் பூட்டு:
முதல் வரியிலேயே 2.6 என்று எழுதியிருக்கிறேனே. ஆறுதல் எங்கே சொன்னேன்? கால் எட்டவில்லை என்றுதான் சொன்னேன்.

லேபர்வார்டு அக்கா:
நானே 143. இரண்டும் நார்மல், இரண்டாவதுக்குத் தையல்கூட இல்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் 19 வருடம் அந்த வார்டில் நிற்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு எழுத்துக்கு 'ஆப்பரேஷன்' என்று அர்த்தம் இல்லை. 145-க்குக் கீழே என்றால் நாங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். அதன் அர்த்தம், இவளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துப் பிரசவம் பார்க்காதே, தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் மூன்றும் இருக்கிற சீமாங் சென்டருக்கு முன்கூட்டியே அனுப்பு என்பது. அந்த அக்காவின் நாத்தனாருக்கு என்ன காரணத்துக்குக் கத்தி வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்.

உயரம் என்பது வெளியே தெரிகிற அளவு. பிள்ளை வருகிற வழி உள்ளே இருக்கிறது. குட்டையாக இருப்பவர்களில் இடுப்பெலும்பு குறுகலாக இருப்பவர்கள் கூடுதல், அது உண்மை. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. 37, 38 வாரத்தில் டாக்டர் உள்ளே கைவிட்டுப் பார்ப்பார், 'பெல்விஸ் பார்ப்பது' என்போம். வயிற்றில் கைவைத்துத் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். 'ஐந்தில் நாலு', 'ஐந்தில் இரண்டு' என்று அட்டையில் எழுதுவது அதைத்தான். மேலே கைக்கு எத்தனை பங்கு தட்டுப்படுகிறது என்ற கணக்கு, எண் குறையக் குறைய நல்லது. முதல் பிரசவத்தில் கடைசி வாரங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். சிலருக்கு வலி எடுத்த பிறகுதான் இறங்கும், அதற்காக அழ வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும், போகுமா போகாதா என்பது வலியில்தான் தெரியும். எலும்பும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பிள்ளையின் மண்டையோட்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொடுக்கும். மேகலை அம்மா சொன்ன சுரைக்காய் அதுதான், நார்மலில் பிறக்கிற பிள்ளைக்கும் ஓரளவு அப்படி இருக்கும். அவருக்கு நடந்ததில், வலியில் விட்டுப் பார்த்தது தப்பு இல்லை. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாததுதான் தப்பு. திறப்பு நகரவில்லை, தலை இறங்கவில்லை, யூரினில் ரத்தம் என்றால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. அவருடைய அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

நிலாமுற்றம், மாமியாருடைய நாலு கிலோவை விடு. சுகர் டெஸ்ட் பண்ணினார்களா? 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. 140-க்குக் கீழே இருந்ததா? பிள்ளை பெரிதாவதற்குச் சுகர் ஒரு முக்கியக் காரணம். அதைப் பார், அப்பாவின் உயரத்தை அப்புறம் பார்க்கலாம்.

கரிசல் பேரன்:
எங்கள் அப்பத்தா நாலரை அடி இருந்தாலே அதிகம். ஒன்பது பிரசவம், அத்தனையும் வீட்டில், கடைசிக்கு மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். காலையில் களை எடுத்துவிட்டு வந்து மத்தியானம் பெற்றவர். இப்போதுதான் அளவு, அட்டை, சிவப்பு மை எல்லாம்.

மேகலை அம்மா:
ஒன்பதில் எத்தனை தங்கியது?

கரிசல் பேரன்:
ஆறு.
அத்தையிடம் இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். தலைச்சன் தங்கவில்லையாம். மூன்று நாள் வலியாம். எனக்கு இது தெரியாது.

கால்நடைக்காரன்:
ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. கால்நடை மருத்துவம் படித்தவன். அப்பா உயரம் என்று பயப்படுவதைப் பார்த்ததும் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் ஷயர் என்ற பெரிய வண்டிக் குதிரையையும் ஷெட்லாண்ட் என்ற மட்டக் குதிரையையும் இரண்டு விதமாகவும் கலந்து பார்த்தார்கள். செயற்கைக் கருவூட்டல்தான். 1938-ல் வெளியிட்டார்கள். தாய் மட்டமாக இருந்தால், தகப்பன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் குட்டி சின்னதாகவே பிறந்தது. தாய் பெரிதாக இருந்தால் குட்டியும் பெரிது. வயிறுதான் அளவை வைத்துக்கொள்கிறது.

என் மனைவி நாலடி ஒன்பது, நான் ஐந்தடி பத்து. 38 வாரத்தில் ஸ்கேனில் 3.3 கிலோ என்றார்கள். அன்று இரவு இருவரும் தூங்கவில்லை. பிறந்ததும் தராசில் வைக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தேன். 2.9. ஸ்கேன் எடை உத்தேசம்தான், பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே போகும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஐந்தடி ஆறு:
எங்களைக் குதிரையோடு சேர்த்ததற்கு நன்றி ஐயா.

நான் குட்டை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். வளைகாப்பில் மாமியார் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும், "இவளுக்கென்ன, இடுப்பைப் பாரு, தும்மினா பிள்ளை வந்துரும்" என்றார். பதினாலு மணி நேரம். பிள்ளை மல்லாக்கப் பார்த்துக்கொண்டு, முதுகை என் முதுகோடு ஒட்டிவைத்துக்கொண்டு, திரும்பவே இல்லை. கடைசியில் சிசேரியன். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு மாமியார் வந்து பிள்ளையைப் பார்க்கவில்லை, போர்வைக்கு மேலே என் இடுப்பைத்தான் பார்த்தார். ஏதோ கடையில் ஏமாந்த மாதிரி ஒரு பார்வை. நாலு வருடம் ஆகிறது.

கோதை பாட்டி:
கண்ணு நிலாமுற்றம், பயப்படாதே. என் பெண் உன்னைவிடக் குட்டை, சுகப்பிரசவம். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் விளக்கெண்ணெய் மந்திரித்துத் தருவார்கள், யாரையாவது அனுப்பி வாங்கிவரச் சொல், வலி எடுக்கிறபோது வயிற்றில் தடவலாம். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார் வேண்டிக்கொள். பெண்ணுக்குப் பேறு பார்க்கத் தாய் வர முடியாமல் வெள்ளம் மறித்தபோது தாயாகவே வந்து நின்றவர் அவர். வலி வந்தால் உடனே ஓடாதே, சீரகத்தைக் கொதிக்கவைத்துக் குடி, சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், பிள்ளை வலி என்றால் கூடும். குனிந்து கூட்டு, மாப் போடாதே, துணியால் துடை, அப்போதுதான் இடுப்பு விரியும். முக்கியமானது, எட்டாம் மாதத்திலிருந்து சாப்பாட்டைப் பாதியாக்கு. ராத்திரி வெறும் ரசம் சோறு. பிள்ளை சின்னதாக இருந்தால் வழி தானாகக் கிடைக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். என் பெண்ணை நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

லேபர்வார்டு அக்கா:
பாட்டி, எண்ணெயும் வாழைத்தாரும் சரி. சாப்பாட்டில் கைவைக்காதீர்கள். பட்டினி போட்டால் பிள்ளையின் சதைதான் வற்றும், தாய்க்கு ரத்தம் குறையும். அதோடு பிரசவத்துக்கு வந்தால் எங்களுக்குத்தான் கை நடுங்கும். சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காருவதும் இவளுக்கு ஆகாது. பனிக்குடம் உடைந்தாலோ வலி சீராக வர ஆரம்பித்தாலோ 108-ஐக் கூப்பிட்டு நேராகச் சீமாங்.

கோதை பாட்டி:
என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

மேகலை அம்மா:
பேரன் எவ்வளவு எடை இருந்தான் பாட்டி?

மயிலாடுதுறை மைனா:
எல்லோரும் எலும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21: தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. இந்தியா முழுக்கச் சேர்த்தால் 21.5. நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் இடுப்பு சுருங்கிவிட்டதா? எனக்கு 150. எட்டாம் மாதமே டாக்டர் ஏறிட்டுப் பார்க்காமல், "உங்க பில்டுக்கு கஷ்டம், தேதி பார்த்துச் சொல்லுங்க" என்றார். உள்ளே கைவைத்துப் பார்க்கவில்லை, தலை இறங்கியதா என்று பார்க்கவில்லை. பில்டு! வீட்டில் ஜோசியரிடம் கேட்டு நல்ல நேரம் குறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துத்தான்.

மேகலை அம்மா:
உங்களுக்கு வலி பார்க்காமலே ஆப்பரேஷன் செய்தார்கள், எனக்கு ஆப்பரேஷன் செய்யாமல் வலியில் போட்டுவைத்தார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் பதில் எழுத முடியவில்லை, கை வீங்கியிருக்கிறது. பிரஷர் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது அக்கா. சுகர் 118.

36 வாரம். சீமாங் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தேன். அங்கே இன்னொரு தடவை கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். 143.5. ஆக 152, 142, 143.5, நான் ஒருத்தி. டாக்டர் அம்மா சிரித்துவிட்டுக் கடைசி எண்ணை எழுதினார், சிவப்பு அப்படியேதான் இருக்கிறது. தலை ஐந்தில் மூன்று. பெல்விஸ் அடுத்த வாரம் பார்ப்பார்களாம். மாமியாரிடம் குதிரைக் கதையைச் சொன்னேன், இரண்டு நாளாகப் பேசவில்லை.

கிளம்பும்போது லேபர் ரூமை ஒருதடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். கூட்டம் இல்லாததால் விட்டார்கள். கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்தேன். திண்டுக்கல் அக்கா சொன்ன மாதிரியே எனக்கும் எட்டவில்லை, ஒரு சாண் இருந்தது. ஸ்டாஃப் நர்ஸ் பார்த்துவிட்டு, தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த திருகைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றினார். துருப்பிடித்துக் கிடந்தது, கிரீச்சென்று சத்தம் போட்டது. தாங்கி முன்னால் வந்து என் பாதத்தில் முட்டியது. "இதை நகர்த்திக்கலாமே" என்றார்.

திண்டுக்கல் பூட்டு:
நகருமா?