மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது: பாதுகாவலர் சான்றிதழுக்கு எத்தனை முறை அலைவது?

கேள்வி
என் மகனுக்கு மூளை முடக்குவாதம். சித்திரையில் அவனுக்கு 18 வயது முடிந்தது. அதுவரை என் கையொப்பத்தில் நடந்துவந்த வங்கிக் கணக்கை, ‘இனி அவர் மேஜர், பாதுகாவலர் சான்றிதழ் வேண்டும்’ என்று சொல்லி நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சென்றால், இரண்டு மாதங்களுக்கு முன் அதே கட்டடத்தில் நான் கொடுத்த நகல்களையே மீண்டும் கேட்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதால், நான் வெளியே செல்லும் நாளெல்லாம் பக்கத்து வீட்டு அக்காதான் அவனுடன் இருக்கிறார். இந்த அலைச்சலைக் குறைக்க வழி உண்டா?

மறுமொழி 1
சகோதரி, நீங்கள் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே சான்றிதழ் வழங்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அதை ஏற்றுக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெரிவித்துள்ளது. என் மகளுக்காகச் சென்றபோது, கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்கி வைத்திருந்ததால், இரண்டாம் முறை கேட்டபோது அதைக் காட்டித் திரும்ப முடிந்தது.

மறுமொழி 2
நலத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விசாரணையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாதுகாவலரே சொத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நியமனம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதங்களுக்குள் கணக்கும் தர வேண்டும் என்ற விதி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் மாறாத குறைபாட்டை ஒவ்வோர் அலுவலகத்திலும் புதிதாக மெய்ப்பிக்கச் சொல்வதில் நியாயமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தரப்படும் குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்; மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அலுவலகமே சரிபார்த்துக்கொள்ளலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் 2021 நவம்பர் முதல் வீட்டிலிருந்தே கைபேசியில் முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்று தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வசதி வேண்டும்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. முகத்தைக் காட்டும் முறை வந்தால் பெரிய உதவியாக இருக்கும், ஐயா. அவன் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும். கைரேகைக் கருவியில் வைக்க ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது வலியில் அழுதுவிடுவான். இன்னொரு சந்தேகம்: நிலமோ வீடோ இல்லாத அவனுக்கும் ஆண்டுக் கணக்குத் தர வேண்டுமா?

மறுமொழி 2
தர வேண்டும், அம்மா. அவர் பெயரில் வரும் உதவித்தொகையும் கணக்கில்தான் சேரும். எதற்குச் செலவானது என்று ஒரு தாளில் எழுதி, வங்கிப் புத்தகத்தின் நகலை இணைத்துக் கொடுங்கள். மருந்துக்கடை ரசீதுகளை இப்போதிருந்தே ஓர் உறையில் போட்டு வாருங்கள்.