செராமிக் ஆக்சிஜன் சென்சாருக்குள்ளயே டெம்பரேச்சர் காம்பன்சேஷன், இந்த டிசைன் சரியா வருமா?

உலைவாசி:
டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) ஃபிலிம் போட்டு, ஆக்சிஜன் அளவுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறற ரெசிஸ்டிவ் ஆக்சிஜன் சென்சார் ஒன்னு டிசைன் பண்றேன், 700 டிகிரி பக்கம் ஓடணும். சூடு கொஞ்சம் ஏறி இறங்குனாலே ரெசிஸ்டன்ஸ் பயங்கரமா ஆடுது, எது ஆக்சிஜன் எது சூடுன்னு பிரிக்க முடியல. பக்கத்துலயே இன்னொரு டைட்டானியா பட்டை போட்டு, அது மேல கண்ணாடி பூசி அடைச்சிட்டு, ரெண்டையும் சீரிஸ்ல போட்டு நடுவுல வோல்டேஜ் எடுத்தா சூடு கேன்சல் ஆகிடும்ல? தனியா சூடு அளக்க தெர்மோகப்பிள் வைக்க இடமில்ல.

துகள்:
முழுசா ஆகாதுங்க. திறந்த பட்டைல சூடு ஏறுனா ஆக்சிஜன் வெளிய போய் புது வேக்கன்சி (ஆக்சிஜன் இருந்த காலி இடம்) உருவாகும், எலக்ட்ரான் எண்ணிக்கையும் கூடும். அடைச்சதுல ஆக்சிஜன் போக வழியே இல்ல, அதனால ரெண்டோட ஆக்டிவேஷன் எனர்ஜியும், அதாவது சூட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ மாறும்ங்கறதும், ஒத்துப்போகாது. ரெண்டாவதை அடைக்காம துளையில்லாம கெட்டியா சின்டர் பண்ணுங்க (சுட்டு இறுக்குங்க), அது ஆக்சிஜனுக்கு மெதுவாத்தான் அசையும், சூட்டுக்கு உடனே அசையும். ஆனா உங்க வாயுவே மெதுவா மாறுறதுன்னா கெட்டிப் பட்டையும் கூடவே மாறி சிக்னல் காணாம போயிடும். எவ்ளோ வேகத்துல மாறுது?

உலைவாசி:
மெதுவாத்தான், உலை வாயு. ஆக்சிஜன் எப்பவும் 1 சதவீதத்துக்கு மேலதான் இருக்கும்.

பெரோவ்:
அப்ப மெட்டீரியலையே மாத்துங்க. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்ல டைட்டானியம் இடத்துல 35 சதவீதம் இரும்பு போட்டா, ஆக்சிஜன் அதிகமா இருக்கற பக்கம் 700 டிகிரிக்கு மேல ரெசிஸ்டன்ஸ் சூட்டைக் கிட்டத்தட்ட கண்டுக்கறதே இல்ல. ரெண்டாவது பட்டையே தேவைப்படாது, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இதான். அடித்தட்டு அலுமினான்னா (அலுமினியம் ஆக்சைடு) அது மேல நேரா பூசி சுடாதீங்க, ரெண்டும் ரியாக்ட் ஆகும், நடுவுல ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் லேயர் வேணும். வாயுல சல்ஃபர் இருந்தா இதுக்கு ஆகவே ஆகாது.

துகள்:
சல்ஃபர் இருந்தா ஜிர்கோனியா செல் பக்கம் போங்க, அது ரெண்டு பக்க ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏத்த வோல்டேஜ் கொடுக்கும். அதுலயும் சூடு தெரியணும், ஒரு பக்கம் காத்து இன்னொரு பக்கம் 2 சதவீதம்னா 700 டிகிரில 49 மில்லிவோல்ட், 800ல 54, இந்த 54ஐ 700னு நெனச்சு கணக்கு போட்டா 1.6 சதவீதம்னு காட்டும். ஆனா அந்த செல்லே தெர்மாமீட்டர்தான், சில கிலோஹெர்ட்ஸ் ஏசி கொடுத்து இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் அளந்தா போதும். பாஷ் எல்எஸ்யூ 4.9ங்கற கார் ஆக்சிஜன் சென்சார்ல 300 ஓம்னா 780 டிகிரி, கன்ட்ரோலர் ஹீட்டரை ஏத்தி இறக்கி அந்த 300லயே புடிச்சு வைக்கும். ஃப்ரீக்வென்சியை ரொம்ப இறக்கிடாதீங்க, எலக்ட்ரோடோட ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து வரும், அது பழசாகப் பழசாக டெம்பரேச்சர் தப்பாத் தெரியும்.

உலைவாசி:
எரிபொருள்ல சல்ஃபர் கிடையாது, அதனால இரும்பு சேத்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டையே போட்டுப் பாக்கறேன். அலுமினேட் லேயரை ஸ்க்ரீன் பிரின்ட்ல போட்டா போதுமா, இல்ல அதுவும் துளையில்லாம இருக்கணுமா?