4 வயது மகள் பாலர் பள்ளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை, என்ன செய்யலாம்?

செங்காங் புதுவரவு

வணக்கம். கும்பகோணம் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்கு இங்கே வேலை, நான் டிபியில் (வேலை அனுமதி உள்ளவரின் குடும்பத்தாருக்கான சார்ந்திருப்போர் அனுமதி) இருக்கிறேன். மகளுக்கு 4 வயது, பையனுக்கு ஒன்றரை. ஊரில் கூட்டுக் குடும்பம். மாமியார், மாமனார், நாத்தனார், அவர் பிள்ளைகள் என்று விடிந்ததிலிருந்து வீடு கலகலவென்றே இருக்கும், அதில் இவள் சத்தம்தான் பெரிது, "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று மாமனார் தினமும் சொல்வார். அந்தப் பிள்ளை இங்கே பாலர் பள்ளியில் சேர்ந்து 11 வாரம் ஆகிறது, இதுவரை அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் வாசலிலேயே ஆசிரியை நெற்றியில் வெப்பம் பார்ப்பார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொல்வார். கை கால் வாய்ப்புண் நோய் இருக்கிறதா என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்ப்பதுதான். இவளும் பெரிதாக வாயைத் திறந்து காட்டுவாள், சத்தம் மட்டும் வராது. அங்கே அவள் வாய் திறப்பது அந்த ஒரு முறைதான்.

சொன்னதைச் செய்கிறாளாம், வரைகிறாளாம், மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை, இரண்டு முறை உடையை நனைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு பிசைகிறது. அந்தப் பள்ளியில் தமிழ் கிடையாது, தாய்மொழி நேரத்தில் சீன வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் திரும்பும் வழியில், லிப்ட் கதவு மூடியதும் ஆரம்பிப்பாள் பாருங்கள், வீடு வந்து சேர்வதற்குள் பத்துக் கதை சொல்லிவிடுவாள்.

"வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும்" என்கிறார் ஆசிரியை. கணவரும் அதையே சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, என் ஆங்கிலமும் அப்படியொன்றும் சரளமில்லை. ஒருவேளை நான்தான் பிள்ளைக்குத் தடையாக இருக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருகிறார். நான் இருப்பது 12ஆவது மாடி. மகளை விட்டுவிட்டு வந்து, பையன் தூங்கும் நேரத்தில் அம்மாவுக்குப் போன் போடலாம் என்றால் இங்கே 9 மணி, அங்கே ஆறரை, அம்மா அடுப்படியில் இருப்பார். சில நாள் சாயங்காலம் வரை பெரியவர் ஒருவரிடமும் நான் பேசியிருக்க மாட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் அம்மா

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். என் பெரியவன் நாலரை மாதம் இப்படித்தான் இருந்தான், இப்போது அவனுக்கு 11 வயது, வகுப்பில் அதிகம் பேசுகிறான் என்று புகார் வருகிறது. தெரியாத மொழிக்கு நடுவில் போய் விழுகிற சின்னப் பிள்ளைகளில் பலர் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். வீட்டுக்கு வரும் வழியில் பத்துக் கதை சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது. வீட்டிலும் பேச்சு குறைந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, இல்லை இன்னும் பல மாதம் போயும் பள்ளியில் அசைவே இல்லை என்றாலோ பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அதற்குத் தயங்க வேண்டாம்.

வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறவே மாறாதீர்கள். நாள் முழுக்க அடக்கி வைத்ததை அவள் கொட்டுகிற ஒரே இடம் உங்களிடம்தான், அங்கேயும் நீங்கள் தட்டுத்தடுமாறி வேறு மொழியில் பேசினால் அவள் எங்கே போய்ப் பேசுவாள்? ஆங்கிலம் இந்த ஊரில் காற்று மாதிரி, கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். தமிழ் நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

கழிப்பறை விஷயத்தை நாளைக்கே பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். அவன் இரண்டு விரலால் காதைப் பிடித்தால் போக வேண்டும் என்று அர்த்தம். ஆசிரியை, உதவியாளர், சமையல் செய்யும் ஆன்ட்டி எல்லாருக்கும் சொல்லி வைத்தோம். அவன் கேட்காவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போகச் சொன்னோம். அப்புறம் 'டாய்லெட்', 'வாட்டர்', 'பெயின்', 'நோ', 'ஹெல்ப்' என்று ஐந்தே சொல், வீட்டில் பொம்மையை வைத்து விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் கற்பிக்கவில்லை.

அடுத்தது, வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். இருபது பேர் வேண்டாம். உங்கள் புளோக் பக்கத்தில் இருக்கிற பிள்ளையா பார்த்து, அந்த அம்மாவிடம் சனிக்கிழமை சாயங்காலம் விளையாட்டு இடத்துக்கு வருவீர்களா என்று கேளுங்கள். அவர் சீனரோ மலாய்க்காரரோ பிலிப்பினோவோ, கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். என் மகனின் முதல் ஆங்கிலச் சொல் சறுக்குமரத்தில் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பையன் நகரவே இல்லை, இவன் பின்னாலிருந்து "கோ!" என்று கத்தினான். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

உட்லண்ட்ஸ்வாசி

நான் வேறு பக்கத்தையும் சொல்கிறேன். எங்களுக்கும் இதே ஆலோசனைதான் சொன்னார்கள், நாங்கள் கேட்டோம். நானும் மனைவியும் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினோம். மகன் இரண்டு மாதத்தில் பள்ளியில் பேசிவிட்டான், பொய் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு 9 வயது. போன பொங்கலுக்குத் திண்டுக்கல் போனபோது என் அம்மா அவனிடம் ஏதோ கேட்டார், அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். என் அம்மாவுக்கும் என் மகனுக்கும் நடுவில். அந்த இரண்டு மாத அவசரத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது, இப்போது வாரம் இரண்டு நாள் தமிழ் வகுப்புக்கு அனுப்பித் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்ம்மா, முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் நான் ஈசூன் அம்மா பக்கம். என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். பாட்டி வீட்டுத் தமிழோடு ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் அந்த வகுப்புக்கே உயிர் வந்துவிடும். உங்கள் மகளிடம் இருப்பதை நாங்கள் இங்கே தேடித்தேடி வளர்க்கிறோம்.

எல்லாப் பாலர் பள்ளியிலும் தமிழ் இருக்காது, உண்மைதான். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு, ஆனால் அங்கே குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். தொடக்கப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகவே வந்துவிடும். அவளுக்கு 7 வயது ஆகும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை 1. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பதிவின் மூன்றாம் கட்டத்தில், மற்றவர்களுக்குப் போக மிச்சமிருந்தால்தான் இடம், உறுதி கிடையாது, அதனால் அதற்கு முந்தைய ஆண்டே தேதிகளைக் கவனித்து விண்ணப்பியுங்கள், இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை அவள் கையில் கொடுங்கள். நாட்டுச் சின்னத்தின் பக்கம் திருப்பினால் ஓரத்தில் நாலு மொழியில் ஊர்ப் பெயர் இருக்கும், அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் இருக்கும். விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ரயிலில் போகும்போது நிலையத்தில் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். நாம் வீட்டில் பேசுவது வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்க வேண்டியது இல்லை, இந்த ஊருக்கும் அது சொந்தம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பேசாத பிள்ளைக்கு அது மிகவும் முக்கியம்ம்மா. காம்பஸ் ஒன் கடைத்தொகுதியில் இருக்கும் நூலகத்துக்கும் போங்கள், உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை, தமிழில் படக்கதைப் புத்தகம் இருக்கும். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

பொங்கோல் அப்பா

பிள்ளையைப் பற்றி எல்லாரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் கடைசிப் பத்தியைப் பற்றி எழுத வந்தேன், தயவுசெய்து இதை உங்கள் கணவரிடமும் காட்டுங்கள்.

சகோதரரே, நானும் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவன்தான். வீடு சுத்தமாக இருந்தது, சாப்பாடு இருந்தது, பிள்ளைகள் குளித்திருந்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் வருடம் முழுக்க என் மனைவி மத்தியானத்தில் அழுதிருக்கிறார், எனக்குத் தெரிந்தது இரண்டாம் வருடத்தில். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து வளர்த்த பிள்ளைகளை இங்கே ஒரே ஆள் வளர்க்கிறார். டிபியில் இருப்பவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால் 2021 மே மாதத்திலிருந்து தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும், அந்தக் கதவும் லேசில் திறப்பதில்லை. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது ஆறரைக்கு வீட்டில் இருங்கள். ஞாயிறு காலையில் இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் வைத்துக்கொண்டு அவரைத் தனியாக வெளியே அனுப்புங்கள். செங்காங்கில் ஏறினால் லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. அங்கே தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கட்டும், ஒரு டீ குடிக்கட்டும், சும்மா நடக்கட்டும்.

பிள்ளைகள் வைத்திருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். 12ஆவது மாடி என்கிறீர்கள், எல்லா ஜன்னலிலும் கம்பி இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் இன்றே கேளுங்கள், அவர் செலவு செய்யாவிட்டாலும் அனுமதி வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றரை வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வயது. அப்புறம் 1.35 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் காரில் ஏற்றினால் அவர்களுக்கேற்ற இருக்கை வேண்டும். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. ராத்திரி காய்ச்சல் என்று அவசரமாகக் கிளம்பும்போது இது தெரியாமல் கீழே நின்று தவிக்காதீர்கள்.

ஈசூன் அம்மா

ஒன்று விட்டுவிட்டேன். தினமும் ஒரே நேரத்தில் கீழே இறங்குங்கள். ஐந்தரை என்றால் ஐந்தரை, வீட்டு வேலை கிடந்தால் கிடக்கட்டும். ஒரே நேரத்துக்குப் போனால் அதே முகங்கள் வரும், ஒரு வாரம் சிரிப்பு, அடுத்த வாரம் பேச்சு, எனக்கு இங்கே கிடைத்த இரண்டு நல்ல தோழிகளும் அப்படிக் கிடைத்தவர்கள். உங்கள் பக்கம் ரிவர்வேல் கிரசண்டில் வேல்முருகன் ஞான முனீஸ்வரர் கோயில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், பிள்ளை சுற்றிலும் தமிழ்ச் சத்தம் கேட்கட்டும், உங்களுக்கும் நல்லது.

செங்காங் புதுவரவு

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கண் கலங்கித்தான் படித்தேன். கணவரிடமும் காட்டினேன், உட்லண்ட்ஸ் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் தமிழ்தான் என்று முடிவாகிவிட்டது.

சைகை பேசி வைத்தோம், எங்களுடையது மூக்கைத் தொடுவது. அதற்கப்புறம் ஒரு நாளும் உடை நனையவில்லை. படுக்கையறை ஜன்னல் ஒன்றில் கம்பி இல்லாமல்தான் இருந்தது, போட்டாயிற்று.

ஐந்தரைக்குக் கீழே போகிறோம். எங்கள் புளோக்கில் ஒரு மலாய்ப் பாட்டி தினமும் பூனைகளுக்குச் சோறு வைப்பார். முதல் வாரம் மகள் தூரத்தில் நின்றாள், அடுத்த வாரம் பக்கத்தில் போய்ப் பூனையிடம் தமிழில் பேசினாள், "சாப்பிடு, சிந்தாம சாப்பிடு" என்று. பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பத்து நாள் முன்னால் மகள் மேலே வந்து "அம்மா, பூனை பேரு கூச்சிங்" என்றாள். பூனைக்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்களாம். இந்த ஊரில் அவள் வெளியே கற்றுக்கொண்டு வந்த முதல் சொல் மலாய்ச் சொல்.

பள்ளியில் இன்னும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாளாம், ஆசிரியை படியிறங்கி வந்து சொன்னார். என்ன சொன்னாள் என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லையாம். அந்தப் பெண்ணின் அம்மா எதிர் புளோக், சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

போன ஞாயிறு நான் தனியாகத் தேக்கா போய் வந்தேன். வாழைப்பூ வாங்கினேன். கையில் பிள்ளை இல்லாமல் ஒரு டீயைச் சூடாகக் குடித்தது ஆறு மாதத்தில் அன்றுதான்.

ஈசூன் அக்கா, ஒன்று கேட்கணும். சனிக்கிழமை அந்த அம்மா வந்தால் நான் என்ன கொண்டு போகட்டும், அவர்கள் ஹலால் சாப்பிடுகிறவர்கள், வீட்டில் செய்த முறுக்கு கொடுக்கலாமா, இல்லை பழமாகக் கொண்டு போவதே நல்லதா?