உணவுவழி 'வெளிப்பாடு' பொருந்துமா?

அவையோருக்கு வணக்கம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளின் உடலுக்குள் பால்பொடி வழியாக வேதிமாசு எவ்வளவு போகிறது என்று மதிப்பிடும் பகுதியை, கிராமச் செவிலியர் கையேடு ஒன்றுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதை ஆங்கிலத்தில் dietary exposure என்கிறார்கள்; முந்தைய பதிப்பில் 'உணவுவழி வெளிப்பாடு' என்று உள்ளது. உள்ளிருப்பது வெளியே வருவதல்லவா வெளிப்பாடு? இங்கே மாசின் செறிவை ஒரு நாளில் குடித்த பாலின் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுக்கிறோம். கரைத்த பாலில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் இருந்து, 5 கிலோ எடையுள்ள குழந்தை 750 மில்லி குடித்தால், எடையில் கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் ஆகிறது. அதே செறிவுள்ள நீரை 2 லிட்டர் குடிக்கும் 60 கிலோ ஆளுக்கு 0.33தான். இந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல் வேண்டும்.

— ஐயா, வேர் 'படு' என்பதில் இருக்கிறது. வெயில் படுகிறது, கண் படுகிறது, நோய்வாய்ப்படுகிறோம். ஆகவே 'உட்படல்' என்பதே முறை. 'குழந்தை' என்பதும் ஐந்து வயதுப் பிள்ளைவரை நீளும். மக்களின் இளமைப் பெயராகத் தொல்காப்பிய மரபியல் குழவி, மகவு என்னும் இரண்டையே ஏற்பதால், 12 மாதம் நிரம்பாதவர்களுக்குக் 'குழவி' என்று எழுதலாம்.

— அம்மா, உங்கள் இலக்கணத்தை மதிக்கிறேன். ஆனால் நான் வகுப்பெடுக்கும் செவிலியருக்குக் குழவி என்றால் ஆட்டுக்கல்லில் இருப்பதுதான். 'கைக்குழந்தை' என்றால் கேட்டவுடன் விளங்கும். அதுபோலவே 'உடலில் சேரும் அளவு' என்று எழுதினால் என்ன?

— 'சேரும்' என்பதை வேதியியல் படித்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். 2008இல் சீனாவில், நீர் கலந்த பாலில் புரதம் குறையாததுபோல் காட்ட, நெகிழி செய்ய உதவும், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தார்கள்; புரதச் சோதனை நைட்ரஜனின் அளவைத்தான் பார்த்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தனர். மெலமைன் உடலில் தங்குவதில்லை, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். போகிற வழியில் யூரிக் அமிலத்தோடு கூடிக் கல்லாகி, சிறுநீரகத்தை அடைத்தது. சேராத பொருளும் கொல்லும் என்று செவிலியர் அறிய வேண்டாமா? மேலும் அது வேண்டுமென்றே செய்த கலப்படம், தானாக வந்த மாசு அன்று. அவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்காதீர்கள். பொடியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2010இல் வகுத்த வரம்பு, தவிர்க்க முடியாமல் வரும் மெலமைனுக்கு உரியது.

— அனைவருக்கும் நன்றி. 'கைக்குழந்தையின் உணவுவழி உட்கொள்ளளவு' என்று தனிமடல்களில் பெரும்பாலோர் இசைந்திருப்பதால், அதையே அனுப்புகிறேன். கலப்படத்துக்குத் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன்.

— அனுப்புங்கள் ஐயா, ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். தவழும் குழந்தை ஈயம் கலந்த தூசியை மூச்சிலும் இழுக்கிறது. அந்த இயலுக்கு வரும்போது உட்கொள்ளளவு உதவாது. 'உட்படல்' இரண்டுக்கும் நிற்கும்.