கிளாஸ் ரூம்ல ப்ரொஜெக்டர், லேப்டாப் வந்த பொறவு என்ன மாறிச்சு? உங்க அனுபவத்த சொல்லுங்க

நான் குளச்சல் பக்கம் எட்டாங்கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்கேன். பௌர்ணமி அமாவாசை எல்லாம் போர்டுல வட்டம் வட்டமா போட்டு நடத்துனா பிள்ளைய நல்லா தலைய ஆட்டும், மறுநாள் கேட்டா ஒருத்தனுக்கும் வராது, இத்தனைக்கும் நிலா தெனமும் பிந்தி உதிக்கும்னு வள்ளத்துல போற அப்பாமாருக்கு அத்துப்படி. இந்த தடவ ஸ்டெல்லேரியம்னு, எந்த ஊரு எந்த தேதிக்கும் வானத்த ஸ்கிரீன்ல காட்டுற ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்குல்லா, அத ப்ரொஜெக்டர்ல விட்டேன். ஊரு கன்னியாகுமரி, தேதி சித்ரா பௌர்ணமி, நேரம் சாயங்காலம். நேரத்த வேகமா ஓட்டுனா மேக்க சூரியன் எறங்குது, அப்படியே கெழக்க திருப்புனா நிலா ஏறி வருது, ஒரே சத்தம் கிளாஸ்ல.

அப்ப ஒரு பிள்ள, "சாரே, ஊர மெட்ராஸுன்னு மாத்துங்க"ன்னா. மாத்துனேன். அங்கயும் அதேதான். "அப்ப நம்மூருக்கு என்ன சாரே விசேஷம்?" நான் வாயே தெறக்கல. பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன், "மெட்ராஸ்ல மேக்க கடல் கெடக்கா?"ன்னான். அதுக்கு பொறவு அவங்களே பேசி முடிச்சாச்சு, பௌர்ணமின்னா பூமிக்கு ஒரு பக்கம் சூரியன் எதிர்ப்பக்கம் நிலா, அதனால எந்த ஊர்லயும் ஒண்ணு எறங்குற நேரத்துல மத்தது ஏறும், நம்ம முனையில நின்னா ரெண்டு பக்கமும் கடல், மறைக்க ஒண்ணும் இல்ல. போர்டுல இப்படி ஊரையும் தேதியையும் மாத்திப் பாக்க முடியுமா? சும்மா வீடியோவ ஓட விட்டுட்டு நோட்டு திருத்துறத நான் இதுல சேக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.

---

குலசேகரத்துல இருந்து எழுதுறேன், வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு, எனக்கு படிப்பு கம்மி. மக ஆறாங்கிளாஸ். 2018ல புது சிலபஸ் வந்தப்ப இருந்து புக்குல க்யூஆர் கோடு போடுறாங்கல்லா, டீச்சர் கிளாஸ்ல ஸ்கேன் பண்ணி காட்டுனத இவ ராத்திரி என் போன்ல தீக்‌ஷா ஆப்ல திரும்ப போட்டு பாக்கா. பின்னம் கூட்டுறதுல ஒரு எடம் வெளங்காம நிறுத்தி நிறுத்தி பின்னால தள்ளி பாத்துட்டு கெடந்தா. டீச்சர்ட்ட திரும்பத் திரும்ப கேக்க அவளுக்கு வெக்கம். மழை பேஞ்சா இங்க டவர் போயிரும், அதனால சிக்னல் இருக்கும்போதே டவுன்லோடு பண்ணி வச்சிருவோம்.

---

பேச்சிப்பாறைக்கு மேல எங்க ஸ்கூல்ல சுத்தமா நெட் கெடையாது சாரே, அந்த நிலா சாஃப்ட்வேர் ஓடுமா?

---

ஓடும். ஒருக்கா இன்ஸ்டால் பண்ணியாச்சுன்னா நெட்டே வேண்டாம். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வரும்போது பென்டிரைவ்ல ஏத்திக்கோங்க. கரண்ட் சர்க்யூட் பாடத்துக்கு ஸ்கிரீன்லயே சோதனை செஞ்சு பாக்குற ஃபெட் (PhET) சிமுலேஷனும் டவுன்லோடு ஆகும், பல்பு ஒயரு பேட்டரி எல்லாம் பிள்ளையளே மாட்டிப் பாக்கலாம், ஷார்ட் சர்க்யூட் ஆனா தீப்பிடிக்கிற மாதிரி காட்டும், அதுக்காகவே நாலஞ்சு பயலுவ தப்பா மாட்டுவான், விட்டுருங்க.