பாலம் ஏறினால் நாடித்துடிப்பு 128: பயமா, வெயிலா?

தல்லாகுளத்துக்காரி:
வயது 46. லைசென்ஸ் எடுத்து ஐந்து வருடம். கார் பெரும்பாலும் தார்ப்பாய்க்குள்தான். கணவர் மஸ்கட்டில் இருப்பதால் மாமியாரைச் செட்டிகுளம் பக்கம் அழைத்துப் போவது என் பொறுப்பு. மதுரை நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதே என்று தோன்றியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மகள் கட்டிவிட்ட கைக்கடிகாரம் அங்கே 128 காட்டுகிறது, வீட்டில் 76. சித்திரை வெயில், ஓடாத ஏசி, கிளம்பும் முன் குடித்த காபி என்று சாக்குகளும் உண்டு. எதை நம்புவது? இறங்கும்போது ஸ்டியரிங் உறையில் என் விரல்கள் ஈரமாகப் பதிந்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற செவிலி, திருமங்கலம்:
தங்கச்சி, அந்தக் கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. ஸ்டியரிங்கை இறுக்கி மணிக்கட்டை மடக்கினால் கணக்குத் தவறலாம். வாரைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஓட்டும்போது அதைப் பார்க்கவே கூடாது. பதிவை வீட்டில் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் முதலில் மருத்துவர்.

உளவியல் மாணவன்:
அக்கா, துடிப்பு மட்டும் பயத்தைச் சொல்லாது. மாடிப்படி ஏறினாலும் கூடும். விரல்களில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, தோலின் மின்கடத்தும் திறனை மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில் அளப்பதும் உண்டு. திடுக்கிட்டால், உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் வேர்வைச் சுரப்பிகளைத் தூண்டும்; ஓரிரு நொடியில் அந்த அளவைக் காட்டும் கோடு மேலே எழும். உள்ளங்கை வெயிலைவிடப் பதற்றத்துக்குத்தான் சட்டென்று வேர்க்கும். அந்த வகையில் உங்கள் ஸ்டியரிங் உறையே நல்ல கருவி. ஒருநாள் அதே நேரம், அதே காபி, அதே பாலம். வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

பழைய லாரிக்காரன்:
கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால் 28 வருடம் ஓட்டிய எனக்கும் எகிறத்தான் செய்கிறது. எண்ணை விடுங்கள், இடப்பக்கமாகவே போங்கள்.

தல்லாகுளத்துக்காரி:
தம்பி சொன்னபடி செய்தேன். கொழுந்தன் ஓட்டினார்: 88. மறுநாள் நான் ஓட்டினேன்: 124. ஆக, காபியும் வெயிலும் தப்பித்துவிட்டன. ஆனால் பதிவை விரித்துப் பார்த்தால், துடிப்பு முதலில் 112 தொட்டது பாலத்தில் இல்லை, காலை 9.40க்கு. அப்போது நான் கூடத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டிருந்தேன்.