வே புரோட்டீன் (பால் திரிந்தபின் மிஞ்சும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்) ஃபிலிம் நொறுங்குகிறது. கிளிசரின் கூட்டினால் பிசுபிசுக்கிறது. எங்கே சரிசெய்வது?

பால்ஏடு கேட்டது:
வணக்கம். ஃபுட் டெக் கடைசி வருட ப்ராஜெக்ட்: மசாலாப் பொடி போடுற மாதிரி மக்கும் சாஷே. வே புரோட்டீன் பவுடர் (டபிள்யூபிசி 80, அதாவது 80% புரதம் உள்ள வே கான்சன்ட்ரேட்) 20 கிராம், தண்ணீர் 200 மி.லி., ஃபிலிம் வளையறதுக்கு கிளிசரின் 4 மி.லி. ஸ்டிரர்ல நல்லா வேகமா கலக்கி, ஹாட் பிளேட்டை 90-ல வச்சு அரை மணி நேரம் சூடாக்கினேன். கண்ணாடித் தட்டுல ஊத்தி மொட்டை மாடி வெயில்ல காய வச்சேன்.

ஃபிலிம் முழுக்கக் குமிழி. கண்ணாடியோட ஒட்டிக்குது, கத்தியால கிளப்பினா அப்பளமா நொறுங்குது. கிளிசரினை 10 மி.லி. ஆக்கினா நொறுங்கலை, ஆனா விரல்ல ஒட்டுது. ரெண்டு ஃபிலிமும் தண்ணில போட்டா கரைஞ்சே போகுது. எதை மாத்தணும்?

ரசமட்டம்:
நாலு விவரம் வேணும். டப்பா லேபிள்ல என்னென்ன இருக்கு? கரைசலோட பிஎச் எவ்வளவு? 90-ங்கிறது பிளேட் காட்டுற அளவா, பீக்கருக்குள்ள தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்ததா? என்ன தண்ணி?

பால்ஏடு:
லேபிள்ல வே கான்சன்ட்ரேட், சோயா லெசித்தின், வெனிலா ஃப்ளேவர், சுக்ரலோஸ். பிஎச் 6.3. பீக்கருக்குள்ள பார்த்தா 71-க்கு மேல ஏறலை. ஆர்ஓ தண்ணி.

ரசமட்டம்:
கரைந்து போவதற்குக் காரணம் அந்த 71 டிகிரிதான். வே புரதத்தில் பாதிக்கு மேல் பீட்டா லாக்டோகுளோபுலின். அதன் ஒரே ஒரு தனித்த தயால் தொகுதி (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) புரதத்தின் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. 75 டிகிரிக்கு மேல் போனால்தான் மடிப்பு நன்றாக விரிந்து அந்தத் தயால் வெளியே வரும், பக்கத்து மூலக்கூறுகளோடு டைசல்ஃபைடு (கந்தகம்–கந்தகம்) பிணைப்பு போடும். அந்தப் பிணைப்பு இல்லாத ஃபிலிமை வெறும் ஹைட்ரஜன் பிணைப்புதான் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும்.

அடுத்தது கிளிசரின் கணக்கு. மி.லி.யில் அளக்காதீர்கள், எடை போடுங்கள், அடர்த்தி 1.26. உங்கள் 20 கிராம் பவுடரில் புரதம் சுமார் 16 கிராம்தான். 4 மி.லி. என்றால் 5 கிராம், அதாவது புரதத்தில் 31%: நொறுங்கும். 10 மி.லி. என்றால் 12.6 கிராம், 79%: பிசுபிசுக்கும். புரத எடையில் 50%-இல் தொடங்குங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர் என்றால் 40% போதும், மீதி வேலையை ஈரமே செய்துவிடும்.

ஜிம் டப்பா வேண்டாம். லெசித்தினும் ஃப்ளேவரும் உங்கள் கணக்கைக் குழப்பும், விலையும் வீண். கலப்பில்லாத டபிள்யூபிஐ (வே புரோட்டீன் ஐசோலேட், 90% புரதம்) வாங்குங்கள். டபிள்யூபிசி 80-இல் இருக்கும் லாக்டோஸ் நாளாக நாளாகப் படிகமாகி ஃபிலிமை மணல்மணலாக்கும், கொழுப்பு மங்கலாக்கும்.

செய்முறை, மொத்தம் 200 கிராம்: டபிள்யூபிஐ 20, டிஸ்டில்டு வாட்டர் 171, கிளிசரின் 9. பவுடரைத் தண்ணீரில் தூவி, சுழல் விழாத வேகத்தில் 2 மணி நேரம் கலக்குங்கள். குமிழிக்குக் காரணமே வேகம்தான். காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 7.5–8-க்குக் கொண்டு வாருங்கள். தயால் அங்கேதான் சுறுசுறுப்பாக இருக்கும். 5.2 பக்கம் இறங்கினால் புரதம் திரிந்து விழும். பிறகு எடை போட்டு, மூடி, 90 டிகிரி வாட்டர் பாத்தில் வையுங்கள். உள் வெப்பம் 90-ஐத் தொட்ட பிறகு 30 நிமிடம் எண்ணுங்கள். ஆறியதும் மறுபடி எடை போட்டு, குறைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, கிளிசரின் சேருங்கள். மிச்சக் குமிழி போக, வேக்குவம் டெசிக்கேட்டரில் (காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய கண்ணாடிக் கலம்) அரை மணி நேரம். அது இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு.

கண்ணாடியில் ஊற்றாதீர்கள், புரதம் அதில் பிடித்துக்கொள்ளும். பாலிஸ்டைரீன் பெட்ரி தட்டு, டெஃப்ளான், ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) எல்லாம் சரி. 15 செ.மீ. தட்டின் பரப்பு 177 சதுர செ.மீ.; 0.12 மி.மீ. தடிமனுக்கு 18 கிராம் கரைசல். தட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள் (என் பெயருக்காகச் சொல்லவில்லை). வெயிலில் வைத்தால் மேலே ஆடை கட்டி, அடியில் ஈரம் நின்று, பிறகு வெடிக்கும். 25 டிகிரி, 50% ஈரப்பதம், சுமார் ஒரு நாள். சோதனைக்கு முன் மூடிய டப்பாவில் நிறைசெறிவு மெக்னீசியம் நைட்ரேட் கரைசலுக்கு மேலே 48 மணி நேரம் வையுங்கள். அது 53% ஈரத்தைப் பிடித்து நிறுத்தும்.

மோர்க்குடம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 90-இல் கரைசலே ஜெல்லாகிவிட்டது. 12% புரதம், போர்வெல் தண்ணீர். பனீர் (பால்கட்டி) வடித்த தண்ணீரிலும் ஃபிலிம் வரவில்லை.

ரசமட்டம்:
போர்வெல் தண்ணீரின் கால்சியம்தான் உங்களை மாட்டிவிட்டது. உப்பு இருந்தால் மூலக்கூறுகளின் மின்விலக்கம் குறைந்து அவை கூடிவிடும். 12% அதற்குத் தோது. 10%-க்குள் நில்லுங்கள், டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள். ஜெல்லானதைத் திருப்ப முடியாது, கொட்டிவிடுங்கள்.

பனீர் தண்ணீரை மறந்துவிடுங்கள். பாலைக் கொதிக்கவிடும்போதே வே புரதம் பாலின் முதன்மைப் புரதமான கேசீனோடு ஒட்டிப் பனீருக்குள் போய்விடுகிறது. மிச்சம் பெரும்பாலும் லாக்டோஸும் உப்பும். ரென்னெட் (பாலைத் திரியவைக்கும் நொதி) போட்டு எடுக்கும் சீஸ் வே வேறு விஷயம், அதிலும் புரதம் 1%-க்குக் கீழேதான். அல்ட்ராஃபில்ட்ரேஷன் (மிக நுண்ணிய சவ்வில் வடிகட்டுவது) இல்லாமல் அந்தப் புரதத்தைத் தனியாகச் செறிவாக்க முடியாது.

தயிர்க்கடைசல்:
வீட்டளவில் செய்ய கேசீன்தான் எளிது. கொழுப்பு நீக்கிய பாலை 40 டிகிரியில் வைத்து, நீர்த்த அமிலத்தால் பிஎச் 4.6-க்கு இறக்கினால் திரியும். மூன்று முறை அலசி, தண்ணீரில் போட்டு, காஸ்டிக் சோடாவால் பிஎச் 7-க்கு ஏற்றினால் சோடியம் கேசினேட். ஒரு லிட்டரில் 25 கிராம் அளவுக்குக் கேசீன் கிடைக்கும். கேசீனுக்கு மடிப்பு குறைவு என்பதால் 90 டிகிரி வேலை இல்லை. ஆனால் ஃபிலிம் தண்ணீரில் கரையும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2016-இல் காட்டிய பால் ஃபிலிமும் கேசீன்தான். அதில் பெக்டின் சேர்த்திருந்தார்கள்.

பால்ஏடு:
டபிள்யூபிஐ-ல புதுசா போட்டேன். உரிச்சா முழுசா வருது, தண்ணில ஊறி உப்புதே தவிர கரையலை. இன்னும் ரெண்டு சந்தேகம். மசாலா ஈரம் இழுக்காம இருக்குமா? பூஞ்சைக்கு பொட்டாசியம் சார்பேட் போடலாமா?

ரசமட்டம்:
சார்பேட் அமிலத்தில்தான் வேலை செய்யும், அதன் பிகேஏ (பாதி அமில வடிவில் நிற்கும் பிஎச்) 4.75. உங்கள் பிஎச் 7.5-இல் போட்டும் பயனில்லை. ஈரம் 60%-க்குக் கீழே வைத்துச் சேமியுங்கள்.

ஈரத்தைத் தடுப்பதில் எல்லாப் புரத ஃபிலிமும் சுமார்தான். இதன் பலம் ஆக்சிஜனைத் தடுப்பது, அதுவும் காற்று உலர்ந்திருக்கும்போது. தேன்மெழுகைக் கரைசலிலேயே சேர்க்கலாம்: மெழுகு உருகுவது 62–64 டிகிரியில், ஆகவே 75-இல் வைத்து ஹோமோஜனைசரில் அடித்து உடனே குளிர்வியுங்கள். ஃபிலிம் மங்கும், இழுவலிமை குறையும். வே புரதத்தால் பேக்கிங் செய்யும் ஐரோப்பிய ஆய்வான வேலேயர் திட்டம் வே அடுக்கைப் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே வைத்தது இந்த ஈரத் தொல்லையால்தான். மசாலாவைவிட எண்ணெய், வறுத்த கடலை சாஷேக்கு இது பொருந்தும், எண்ணெய் ஊடுருவாது.

ஓரம் ஒட்ட ஹீட் சீலர் போதும், 110–130 டிகிரி. முதலில் 110-இல் ஒரு துண்டு ஒட்டி இழுத்துப் பாருங்கள். சீல் பழுப்பானால் சூடு அதிகம். சாஷே மேல் பால் ஒவ்வாமை எச்சரிக்கை அச்சிட இடம் விடுங்கள்.